வானத்தில் ஒரு ரெயில் நிலையம்! உப்பளத்து ஜனங்களுக்கு எட்டுமா?

மரக்காணம் உப்பளக் கரையில் அனுமந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. கார், பஸ் எல்லாம் பறக்கின்றன. ஆனால் ரெயில் கிடையாது. ரெயில் ஏற வேண்டுமானால் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

இந்தக் கரையிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா, அக்காள், குழந்தைகள் எல்லோரும் வழியனுப்பக் கிளம்புவார்கள். வாடகைக் கார் பேசுவார்கள். சம்பாதிக்கப் போகிறவன், போகும்போதே கடன் பட வேண்டும்! இது அவசியந்தானா?

தூண்களின் மேல்...

சென்னை விமான நிலையத்தின் பக்கத்திலேயே மெட்ரோ ரெயில் நிலையம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி அது திறக்கப்பட்டது. தரையில் அல்ல, உயரத்தில், தூண்களின் மேல்! அங்கிருந்து சின்னமலை வரை 6 நிலையங்களும் இப்படித்தான். அதற்கு அப்பால் ரெயில் பூமிக்குள் புகுந்துவிடும்.

ஏன் இத்தனை உயரம்? கீழே சாலையில் ஓயாத நெரிசல். சுரங்கம் தோண்டினால் செலவு அதிகம். தூண் நட்டால், கீழே பஸ் ஓடும். மேலே ரெயில் ஓடும். நல்ல யோசனைதான்!

படி ஏற முடியாத பாட்டிக்கு லிப்ட் உண்டு. கட்டணமும் மிரட்டவில்லை. 70 ரூபாயாக இருந்த அதிகபட்சக் கட்டணம், 2021-ம் ஆண்டு 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

குறை எங்கே?

இந்த ரெயில் விமான நிலையத்திலிருந்து வடக்கே நகரத்துக்குள் போகிறது. தெற்கே வரவில்லை. தெற்கிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் அரசு பஸ், கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. அந்தப் பஸ் நிலையம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. அங்கிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோ மீட்டர். மூட்டை முடிச்சுடன் வேறு வண்டி தேட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. திண்டிவனத்தில் ரெயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரெயிலில் திரிசூலம் வரலாம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. செலவு மிகக் குறைவு. ஆனால் இந்த வழி கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் புறப்படுகின்றன. அந்த நேரத்தில் மெட்ரோ ரெயில் ஓடுவதில்லை. தண்டவாளத்தைப் பழுது பார்க்க இரவு ஓய்வு வேண்டும் என்பது நியாயமே. ஆனால், பிரயாணிகள் அதுவரை எங்கே போவார்கள்?

செய்ய வேண்டியது என்ன?

மெட்ரோ ரெயிலைக் கிளாம்பாக்கம் வரை நீட்டத் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. அதைத் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும். அதுவரை, கிளாம்பாக்கத்திலிருந்து விமான நிலைய வாசலுக்கே இரவு முழுவதும் பஸ் விட வேண்டும். பெட்டிகள் வைக்க அதில் இடம் வேண்டும். தாம்பரத்திலும் கிளாம்பாக்கத்திலும், "விமான நிலையம் போக வழி" என்று பெரிய தமிழ் எழுத்தில் பலகை வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும்.

இவற்றுள் பலகைக்கும் பஸ்சுக்கும் கோடிகள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

நிலையம் உயரத்தில் இருக்கலாம். ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாமா?