பென்சில் கோடாக இருக்கும்போதே கேளுங்கள்

சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிப்பாசன ஊர்களும் அரக்கோணம் வட்டாரமும் தலைநகரின் திட்டமிடலுக்குள் வந்துவிட்டன. 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்ததாக, 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகிறது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற ஊர்களுக்குப் புதுநகர்த் திட்டங்களும் போடப்படுகின்றன. எந்த வயலில் வீடுகள் எழும், அங்கே குடியேறுகிறவர்கள் எந்தச் சாலையில், எந்த ரயிலில் வேலைக்குப் போவார்கள் என்பதை இந்த வரைபடங்கள்தான் தீர்மானிக்கப் போகின்றன. அந்த வயலின் சொந்தக்காரரிடம் நாம் எப்போது பேசுகிறோம்? நம் நடைமுறை பிசகுவது இந்த இடத்தில்தான்.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் மக்களின் ஆட்சேபணையைக் கேட்கச் சொல்கிறது. அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசமும் தருகிறது. ஆனால் அந்த அறிவிக்கை வருவதற்குள் நிலப்பயன்பாடு, சாலையின் போக்கு, ரயில் தடம் எல்லாம் அலுவலக அளவில் முடிவாகி, அரசின் இசைவும் வாங்கியாகியிருக்கும். பக்கத்துப் பக்கத்து சர்வே எண்களில் ஆளுக்கு ஒரு ஏக்கர் வைத்திருக்கும் இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் நூறடிச் சாலைக்கு ஒரு கோடு விழுகிறது. அது முதலாமவர் நிலத்தை நடுவில் பிளந்து நாற்பது சென்ட்டைக் கொண்டுபோகிறது. வாய்க்காலுக்கு அந்தப்புறம் மிஞ்சும் துண்டுக்குத் தண்ணீரும் பாயாது, ஏரும் போகாது. வரப்புக்கு இந்தப்புறம் இருப்பவருக்கோ ஒரு சென்ட்கூடப் போகவில்லை. அவர் நிலம் ஒரே நாளில் 'ரோடு முனை' ஆகி, விலை பல மடங்கு ஏறுகிறது. ஒரே கோடு ஒருவரைச் சாய்த்து, இன்னொருவரைத் தூக்கிவிடுகிறது. இருவரும் அந்தக் கோட்டைப் பற்றிக் கேள்விப்படுவது, அநேகமாக, பத்திரப்பதிவுக்கோ கட்டட அனுமதிக்கோ போய் நிற்கும்போதுதான். பொதுப் பயனுக்கு என்று ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் எடுக்க முற்படாவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விடுவிப்பைப் பெறவும் மக்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

முன்கூட்டிப் பேசினால் காலம் வீணாகும் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. பேசாமல் விட்டதால் போன காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பறக்கும் ரயில் 2007-லேயே வேளச்சேரிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். அதில் நாலரைக் கிலோமீட்டர் வேலை நடந்தும், ஆதம்பாக்கத்தை ஒட்டிய அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளால் பாதை ஆண்டுக்கணக்கில் துண்டாகவே நின்றது. புறநகர் ரயிலையும் மெட்ரோவையும் பறக்கும் ரயிலோடு கோக்க வேண்டிய இணைப்பு அது. வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; தன் மனையின் விலையைத் தானறியாமல் வேறொருவர் குறித்துவிட்டால் யாரும் நீதிமன்றத்துக்குத்தான் போவார்கள். பரந்தூரில் 13 கிராமங்களைத் தொடும் விமான நிலையத்துக்கு 2022-ல் இடம் அறிவித்த பிறகே பேச்சு தொடங்கியது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட்டத்தில் இருந்தார்கள்.

பேசாமலிருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. திட்டம் ஊர்மட்டத்துக்கு இறங்கி வராத இடங்களில் நிலக்காரர்கள் தாங்களே மனை பிரித்து விற்றார்கள். ஒரு லேஅவுட்டின் இருபதடித் தெரு அடுத்த லேஅவுட்டின் மதிலில் போய் முட்டி நிற்கும். பேருந்து நுழையாது, மழைநீருக்குப் போக்கிடம் இராது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதுதான் அந்தக் குவியலின் அளவு நாட்டுக்கு உறைத்தது. மறு ஆண்டே அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும்; விட்டுப்போன அறுபதடிச் சாலையை எந்தக் கட்டணத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

மாற்று வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. குஜராத்தில் நகர அமைப்புத் திட்டம் என்ற பெயரில் நடக்கும், பழைய பம்பாய் மாகாணத்தின் 1915-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்விட்ட முறை அது. ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான வீடு ஆகியவற்றுக்கு எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனையாக அவரவரிடம் திருப்பித் தருகிறார்கள். பிடித்தம் 40 விழுக்காடு வரைகூடப் போகும். ஆனாலும் வரப்புக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே அளவு இழந்து, ஒரே சாலையால் பயன்பெறுகிறார்கள். வரைவு நிலையிலேயே உரிமையாளர் கூட்டம் நடத்த வேண்டும் என்பது அங்கே விதி. அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் நீளும் சர்தார் படேல் வட்டச் சாலைக்குப் பெரும்பகுதி நிலம் இப்படித்தான் கிடைத்தது. குறையில்லாத முறை என்று சொல்ல மாட்டேன். இறுதி ஒப்புதல் வர ஆண்டுகள் இழுத்த திட்டங்கள் அங்கும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் நிலத்தொகுப்புக்கு இடம் செய்தாகிவிட்டது. அதைப் புதுநகரங்களில் முதல் வழியாகக் கைக்கொள்ள வேண்டும், கையகப்படுத்தலைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

ஆந்திரத்தின் புதுத் தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியைப் பார்த்த பிறகுமா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. 2015-ல் அங்கே விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். மானாவாரி நிலம் ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் வீட்டு மனை, 250 சதுர கஜம் வணிக மனை என்பது வாக்குறுதி. 2019-ல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகர் என்றார்கள். நிலம் கொடுத்தவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒட்டுமொத்த நகரமும் ஒரே அரசின் விருப்பத்தில் தொங்கியதால் வந்த வினை அது. இருநூறு, முந்நூறு ஏக்கர் அளவில் சிறு சிறு தொகுப்புகளாக எடுத்து, திருப்பித் தரும் மனையின் எண்ணையும் எல்லையையும் நிலம் கைமாறும் முன்பே பதிவு செய்துவிட்டால், ஆட்சி மாறினாலும் அந்தப் பத்திரம் நிற்கும். நிலமே இல்லாத கூலிக்காரரும் குத்தகைதாரரும் என்ன ஆவார்கள் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அமராவதியில் நிலமற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று வைத்தார்கள், அது போதாதுதான். நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவருக்கு, பிடித்தம் செய்த நிலத்தில் ஏழைகளுக்கென ஒதுக்கும் வீடுகளில் முதல் உரிமை கொடுக்க வேண்டும். வேலையிழந்தவரைப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிக்கு அனுப்பக் கூடாது.

நிலக்காரர்கள் தங்கள் லாபத்துக்காகத்தானே பேசுவார்கள்? ஆம், பேசுவார்கள். ஆனால் பெரிய நிலக்காரருக்கு இன்றைக்கும் பேச வழி இருக்கிறது. விவசாய மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றித் தரக் கேட்கும் மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் ஒன்றரை ஏக்கர்க்காரர். ஊர்ச் சபையில் எல்லார் முன்னிலையிலும் பேச வைத்தால் சுயநலமும் வெளிச்சத்துக்கு வரும், பக்கத்து நிலக்காரரே எதிர்க்கேள்வி கேட்பார். சம்மதத்துக்கு உட்படாதவையும் உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏரியின் நீர்ப்பிடிப்பு, கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் ஓடை, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு ஆகியவற்றில் வீடு கட்ட ஊரே ஒப்புக்கொண்டாலும் கூடாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. எந்த மழைக்கு எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதையும் அந்த நிலக்காரர்தான் செயற்கைக்கோள் படத்தைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

போக்குவரத்து விஷயத்தில் அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் அதிகம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அதை ஒட்டிச் செல்லும் தண்டவாளத்தில் ரயில் நிலையம் இல்லை. புதுநகரங்களில் இது திரும்பவும் நடக்கக் கூடாது. அதற்கு, ரயில் தடத்துக்கும் பேருந்துப் பாதைக்கும் வேண்டிய அகலத்தை, முதல் வீட்டு மனை விற்பதற்கு முன்பே தொகுப்பில் பிடித்துவைக்க வேண்டும். வரைவு அரசின் இசைவுக்குப் போகும் முன், சர்வே எண்ணோடு கூடிய படத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். பட்டாதாரர் சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும், ஏற்றாலும் தள்ளினாலும், காரணத்தை எழுதி அதே சுவரில் ஒட்டட்டும். மூன்றாம் முழுமைத் திட்டத்தின் கோடுகள் மையால் எழுதப்படுவதற்குள் செய்தாக வேண்டிய வேலை இது.