பாதுகாப்பு யாருக்கு?

மகாராஷ்டிரச் சட்டப்பேரவை 2025 ஜூலை 10 அன்று சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. மறுநாள் மேலவையும் அதற்கு ஒப்புதல் அளித்தது. இதற்கு ஒரு நாள் முன்னர்தான், ஜூலை 9 அன்று, தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் அறைகூவல் விடுத்த அகில இந்தியப் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. உழைக்கும் மக்கள் வீதிக்கு வந்த மறுநாளே, வீதிக்கு வருவதையே குற்றமாக்க இடமளிக்கும் ஒரு சட்டம் அவையில் நிறைவேறியிருக்கிறது. நாட்கள் தற்செயலாக அமைந்திருக்கலாம். அரசியல் தற்செயலானதல்ல.

முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் இச்சட்டம் இடதுசாரித் தீவிரவாத அமைப்புகளுக்கு எதிரானது மட்டுமே என்கிறார். அவ்வாறாயின் சட்டத்தின் வாசகத்தைப் பார்ப்போம். பொது ஒழுங்குக்கும் அமைதிக்கும் ஆபத்து விளைவிப்பது சட்டவிரோதச் செயல். சட்டத்தின் நிர்வாகத்திலும் அதன் நிறுவனங்களிலும் குறுக்கிடுவது சட்டவிரோதச் செயல். நடைமுறையிலுள்ள சட்டத்துக்குக் கீழ்ப்படியாதிருக்குமாறு ஊக்குவிப்பதும் சட்டவிரோதச் செயல். இவற்றைச் செயலால் மட்டுமல்ல, பேச்சால், எழுத்தால், சைகையால் செய்தாலும் குற்றமே. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தண்டியில் உப்பெடுத்தவர்களும் குற்றவாளிகள். மகாட் குளத்தில் நீரருந்தப் போன அம்பேத்கரும் பொது ஒழுங்கைக் குலைத்தவர்.

ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட அமைப்பின் உறுப்பினருக்கு மூன்றாண்டு வரை சிறை. உறுப்பினராக இல்லாவிடினும் நிதியோ உதவியோ புகலிடமோ அளித்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை. சட்டவிரோதச் செயல் புரிந்ததாகக் கூறப்படுபவருக்கு ஏழாண்டு வரை சிறை. எல்லாமே பிணையில் வெளிவர முடியாத குற்றங்கள். இதன் நோக்கம் எத்தனை பேரைத் தண்டிப்பது என்பதல்ல. எத்தனை பேரை அஞ்சி ஒதுங்கச் செய்வது என்பதே. உண்டியலில் பத்து ரூபாய் போடுபவரும், கூட்டத்துக்கு அறை தருபவரும், துண்டறிக்கை அச்சிடுபவரும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தால் போதும், சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இதே போன்ற சட்டம் சத்தீஸ்கரில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பினாயக் சென் 2007இல் கைது செய்யப்பட்டு, உச்சநீதிமன்றம் பிணை வழங்கும் வரை இரண்டாண்டுகள் சிறையில் இருந்தார். பஸ்தர் ஆதிவாசி இளைஞர்களின் மூல்வாசி பச்சாவ் மஞ்ச் அமைப்பை 2024இல் அம்மாநில அரசு இச்சட்டத்தின் கீழ் தடை செய்தது. வளர்ச்சிப் பணிகளையும் பாதுகாப்புப் படை முகாம்களையும் எதிர்த்து மக்களைத் திரட்டினார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வளர்ச்சி என்று அரசு பெயரிட்ட ஒன்றை எதிர்ப்பது எவ்வாறு தடைக்குரிய குற்றமாகிறது என்பதைத் தாராவி மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் தாராவியிலும் இன்று வளர்ச்சியே நடைபெறுவதாகச் சொல்லப்படுகிறது. அதானி குழுமம் 80 சதவீதப் பங்கும் அரசு 20 சதவீதப் பங்கும் கொண்ட நிறுவனம் மறுசீரமைப்பை நடத்துகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்கு, இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தினால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடியில் குடியிருப்போருக்கும் வெளியேதான், அதுவும் வாடகைக் குடியிருப்பு முறையில். அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள இடங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் உப்பள நிலங்களும் அடங்கும். தோல் பதனிட்டும் இட்லி அவித்து விற்றும் தைத்தும் துவைத்தும் தலைமுறைகளாக இந்நகரைத் தாங்கியவர்களுக்குக் குப்பைமேடு. அவர்கள் விட்டுச் செல்லும் மண்ணில் மாளிகைகள். இதை எதிர்த்துக் கணக்கெடுப்பாளர்களைத் திருப்பி அனுப்புவது சட்டத்தின் நிர்வாகத்தில் குறுக்கீடு ஆகாதா? ஆகும் என்று சொல்லும் அதிகாரத்தைத்தான் அரசு இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது.

அடக்குமுறைச் சட்டமும் வாழ்வாதாரப் பறிப்பும் இணைந்தே வரும் என்பதற்கு மும்பையின் வரலாறே சான்று. 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்து கிர்ணி காம்கார் சங்கத்தைக் கட்டினர். அடுத்த ஆண்டே வெள்ளை அரசு தொழில் தகராறு மசோதாவையும் பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் மத்தியச் சட்டமன்றத்தின் முன் வைத்தது. அவற்றை எதிர்த்தே பகத்சிங்கும் பதுகேஷ்வர் தத்தும் 1929 ஏப்ரல் 8 அன்று அவையில் குண்டு வீசினர். பொதுப் பாதுகாப்பு மசோதாவை அவைத் தலைவர் வித்தல்பாய் படேல் அனுமதிக்க மறுத்தபோது, வைசிராய் இர்வின் அதை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். பெயர்கூட மாறவில்லை, தோழர்களே!

செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் ஜனதா காலனி இருந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த குடியிருப்பு அது. அணுசக்தி நிறுவனத்துக்காக அவர்களை அகற்றும் முயற்சியை நீதிமன்றத்திலும் வீதியிலும் மக்கள் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தினர். அப்போராட்டத்தின் தலைவர்களுள் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் குறிப்பிடத்தக்கவர். 1975 ஜூனில் அவசரநிலை வந்தது. 1976 மே 17 அன்று காவல்படையின் துணையுடன் ஏறத்தாழ 70,000 மக்கள் வெளியேற்றப்பட்டு இன்றைய சீட்டா கேம்ப் பகுதியில் கொட்டப்பட்டனர். உரிமை பறிபோன மறு ஆண்டே வீடும் பறிபோயிற்று. அவசரநிலையின் ஐம்பதாம் ஆண்டில் அரசமைப்புப் படுகொலை என்று முழங்குகிற கட்சிதான், அதே வாரங்களில் இந்த மசோதாவை நிறைவேற்றியிருக்கிறது.

288 இடங்களில் ஆளும் மூன்று கட்சிகளும் 230 இடங்களைப் பெற்றிருக்கின்றன. இத்தகைய பெரும்பான்மை கொண்ட அரசுக்கு இச்சட்டம் ஏன் தேவைப்படுகிறது? சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழ்தான் திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமி 83 வயதில் தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். நடுங்கும் கைகளுக்கு நீர் பருக ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, விசாரணைக் கைதியாகவே, இந்த மும்பையில் உயிர்நீத்தார். அதுவும் போதவில்லை என்று அரசு கருதுமானால், அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அவையில் கூடிய எண்ணிக்கை அரசை மக்களிடம் நெருக்கமாக்கவில்லை. ஒரு பெருமுதலாளியின் நலனோடு தன்னைப் பிணைத்துக்கொண்ட அரசு மக்களிடமிருந்து தனிமைப்படுகிறது. தனிமைப்படும் அரசு குடிமக்களைக் கண்டு அஞ்சுகிறது.

எதிர்க்கட்சிகளின் நடத்தையையும் மறைக்க வேண்டியதில்லை. மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக் குழுவுக்கு 12,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஆயினும் பேரவையில் இறுதிவரை எதிர்த்து நின்றவர் டகாணு உறுப்பினர் தோழர் வினோத் நிக்கோலே ஒருவரே. பெரிய கட்சிகள் சில திருத்தங்களில் நிறைவடைந்துவிட்டன. ஆதலால் இதை முறியடிக்கும் பொறுப்பு அவைக்கு வெளியே, மக்களிடம் இருக்கிறது.

"நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கேன் வம்பு" என்ற குரல் நம் குடியிருப்புகளில் கேட்கிறது. அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1960களில் தென்னிந்தியருக்கு எதிராகச் சிவசேனை கட்டவிழ்த்த வெறியைத் தாங்கியவர்கள் நம் மூத்தோர். ஆனால் அதே சக்திகளின் கைகளில்தான் 1970 ஜூனில் மராட்டியத் தொழிலாளர்களின் தலைவரும் சட்டமன்ற உறுப்பினருமான தோழர் கிருஷ்ண தேசாய் கொல்லப்பட்டார் என்பதை மறக்கலாகாது. தமிழர் மீது விழுந்த அடி செங்கொடியின் மீது விழுந்த அடியும் ஆகும். ஒதுங்கி நின்றதால் ஜனதா காலனியில் யாருக்கும் வீடு மிஞ்சவில்லை.

தோழர்கள் உடனடியாக ஆற்ற வேண்டிய பணிகள் உள்ளன. இச்சட்டத்தின் பிரிவுகளைத் தமிழில் எழுதி, தாராவியின் ஒவ்வொரு சந்திலும் செம்பூரின் ஒவ்வொரு சாலிலும் படித்துக் காட்ட வேண்டும். தரைத்தளக் குடும்பத்தையும் மாடிக் குடும்பத்தையும் பிரித்து வைக்கும் திட்டத்துக்கு எதிராக இருவரையும் ஒரே கோரிக்கையின் கீழ் நிறுத்த வேண்டும்: தகுதிப் பாகுபாடின்றி அனைவருக்கும் தாராவியிலேயே வீடும் தொழிலிடமும். மாட்டுங்கா ரயில்வே பணிமனைத் தொழிலாளர் முதல் அங்குள்ள நடுத்தர வகுப்பினர் வரை, இது குடிசைவாசிகளின் பிரச்சினை மட்டுமல்ல என்பதை உணர்த்த வேண்டும். மராட்டிய, இந்தி, உருது பேசும் உழைப்பாளிகளுடன் கூட்டு மேடைகள் அமைத்து, கைதாவோருக்கு வாதாட வழக்கறிஞர் குழுக்களை இப்போதே ஏற்படுத்த வேண்டும்.

கூடும் உரிமையைக் காக்காமல் குடியிருக்கும் உரிமையைக் காக்க இயலாது. சிறப்புப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு என்ற முழக்கம் தாராவியிலிருந்தே எழட்டும்.