ஒரு ஈத்து போட்டால் உடம்பு தேறுமாம்

ராகலையில் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்டு லயத்துப் பிள்ளை ஒருத்தி, பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டி, எட்டு மாதப் பெட்டை நாயொன்றை இழுத்து வந்திருந்தாள். ஊசி போட்டதும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பெயர் எழுதும் மேசைக்குப் போய்ப் பெயரும் கொடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மைக் ஒரு பெரியவர் கைக்குப் போனது. தோட்டத்தில் கலியாணமோ கருமாதியோ, மைக் என்று ஒன்று இருந்தால் அவரும் இருப்பார். "பொட்டை நாய்னா ஒரு ஈத்தாவது போடணும். அப்பதான் ஒடம்பு தேறும். அதுக்குப் பொறகு வெட்டுறதுன்னா வெட்டிக்கங்க" என்றார். கைதட்டினார்கள். பிள்ளை மேசைக்குத் திரும்பி வந்தாள். நாயை வெட்டுவதற்குப் பதிலாகப் பெயரை வெட்டிக்கொண்டு போனாள்.

இந்த வசனத்தை முப்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்டிருக்கிறேன். முடிவெட்டும் கடையில் கேட்டிருக்கிறேன். கந்தப்பளை போகும் பஸ்ஸில், மடியில் கோழியை வைத்திருந்த ஒருவர் கோழியையும் சேர்த்துச் சாட்சிக்கு இழுத்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எப்படித் தேறும், எங்கே தேறும் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

சரி, உடம்பைப் பார்ப்போம். நாய் சினையாக இருப்பது ஏறக்குறைய 63 நாள். முதல் மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. நாயின் கர்ப்பப்பை ஒற்றைப் பை அல்ல, கவட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்த குழாய். நாலாவது கிழமையில் கைதேர்ந்த மிருக வைத்தியர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தால், அந்தக் குழாய் நெடுகிலும் நெல்லிக்காய் கோத்த மாதிரி வீக்கங்கள் தட்டுப்படும். காம்புகள் சிவந்து தடிக்கும். ஐந்தாம் ஆறாம் கிழமையில்தான் வயிறு தள்ளும். 45ஆம் நாள் வாக்கில் குட்டிகளின் எலும்பு இறுகி எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும். கடைசிக் கிழமைகளில் இரைப்பைக்கே இடம் போதாமல், இரண்டு வாய் தின்று ஒதுங்கும். வயிற்று முடி உதிர்ந்து மடி தொங்கும். குட்டி போடுவதற்கு முந்திய நாள், 101, 102 பாகையில் இருந்த உடம்புச் சூடு 99 அளவுக்கு இறங்கும். படங்கைப் பிறாண்டிப் படுக்கை தேடும்.

பெரியவர் கண்ணுக்குத் 'தேறிய உடம்பு' இதுதான். அவர் பார்த்தது குட்டி, நீர், நஞ்சுக்கொடி, பால்மடி. அதையெல்லாம் கழித்துவிட்டுத் தாயை மட்டும் பார்க்கவேண்டும். சினைக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, செங்குருதிக் கலங்களின் பங்கு குறையும். 45 வீதம் இருந்த நாயில் ஈனும் நாளையில் 35 பக்கம் வந்து நிற்கும். நல்ல சோறு கறி கிடைக்கிற வீட்டு நாய்க்கே இந்தக் கணக்கு. றொட்டித் துண்டும் பிளேன்டீ மண்டியும் தின்று வளர்ந்த லயத்து நாய்க்கு மிச்சம் எவ்வளவு என்று மைக்கில் சொல்லியிருக்கலாம். ஈன்ற பிறகு கரும்பச்சையாக நஞ்சுநீர் வடியும். மூன்றாம் நாலாம் கிழமையில் குட்டிகள் இழுக்கிற பாலுக்கு வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். அது இல்லாவிட்டால் தாயின் சதைதான் பாலாகும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முடி கொட்டி, இடுப்பெலும்பு இரண்டும் முளைக்குச்சி மாதிரி நிற்கும். முதுகுத்தண்டை எண்ணலாம். இந்த ஊரில் ஒரு ஈத்து போட்ட நாயை அடையாளம் காட்ட எந்தச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தேறியதை வைத்தல்ல.

கல்சியம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சினையிலேயே கல்சியம் மருந்தை ஊற்றிப் பழக்கினால், எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்கும் சுரப்பி சோம்பிப் போகும். குட்டி போட்டுப் பால் இறங்கும் நேரத்தில் இரத்தத்தில் கல்சியம் விழுந்து, நாய் நடுங்கி, வலிப்பு வந்து படுத்துவிடும். அதற்கும் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தவர்களைத் தெரியும்.

பெரியவர் தரப்பின் பெரிய துருப்பு வேறொன்று. "குட்டி போடாத நாய்க்கும் பால் வருதே, ஒடம்பு கேக்குதுன்னுதானே அர்த்தம்?" இந்தக் கேள்வி வந்ததும் எதிரே இருப்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். நானும் ஆட்டியவன்தான், சின்னி எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

சின்னி இரண்டு வயதுப் பெட்டை. ஒரு மழைக்காலத்தில் காம்புகள் தடித்தன, வயிறு சற்றே இறங்கியது. அம்மாயி அன்றாடம் அதற்கு ஒரு முட்டை என்று உத்தரவு போட்டார். அந்த வீட்டில் எனக்கே வாரத்துக்கு ஒரு முட்டைதான். ஒரு நாள் விடிய இஸ்டோப்பில் என் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. விறகு அட்டிக்குப் பின்னால் சாக்கின் மேல் சின்னி சுருண்டு கிடந்தது, செருப்பு அதன் மடிக்குள் இருந்தது. நக்கி நக்கி வார் பளபளத்தது. கையை நீட்டினேன், உறுமியது. காம்பை அழுத்தினால் பால். நாள் கணக்கு வைத்தோம். நாள் தாண்டியது, குட்டி இல்லை. வயிறும் மெல்ல வற்றிவிட்டது. யாரோ மந்திரித்துக் கலைத்துவிட்டார்கள் என்று பக்கத்துக் காம்பராவோடு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் சிரித்தார். "தம்பி, இதுக்கு வயித்துல குட்டியே இருக்கல. ஆனா அதோட ஒடம்புக்கு அது தெரியாது."

அந்த ஒரு வாக்கியத்தில் பெரியவரின் கட்டிடம் முழுவதும் சரிந்துவிடுகிறது. மனுசிக்கு முட்டை வெடித்துக் கரு நிற்கவில்லை என்றால் சுமார் இரண்டு கிழமையில் உடம்பு விசயத்தைத் தெரிந்துகொள்ளும். புரொஜெஸ்டரோன் இறங்கும், மாதவிலக்கு வரும். பசுவுக்கும் அப்படித்தான், கரு இல்லை என்று தெரிந்ததும் கர்ப்பப்பையே சேதி அனுப்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகும். நாய்க்கு அந்தச் சேதி கிடையாது. பருவம் வந்து முட்டை வெளியேறிய பிறகு, கடுவன் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கரு நின்றாலும் நிற்காவிட்டாலும், இரண்டு மாதத்துக்குப் புரொஜெஸ்டரோன் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும். கர்ப்பப்பைச் சுவர் தடிக்கும், மடி வளரும். முடிவில் அது இறங்க, பாலுக்கான புரொலக்டின் ஏறும். சில நாய்களில் அந்த ஏற்றம் கொஞ்சம் பலமாக இருந்தால் செருப்புக்குப் பால் கொடுக்கும். சினைநாய்க்கு மட்டும் ஊறுவது ரிலாக்சின், அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. அதனால்தான் சினையா இல்லையா என்று இரத்தத்தில் பார்க்கும்போது அதைத் தேடுகிறார்கள்.

ஆக, சின்னிக்கு வந்த பால் ஆசையில் வந்ததல்ல, பருவத்துக்குப் பருவம் வரக்கூடியது. ஓநாய்க் கூட்டத்தில் தலைவி ஈனும்போது மற்றப் பெட்டைகளுக்கும் பால் இருந்தால் குட்டிகள் பிழைக்கும், அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம்தான் இது என்று சொல்பவர்கள் உண்டு. குட்டி போட்டால் நின்றுவிடும் என்பதும் பொய். சின்னி அடுத்த வருடம் ஐந்து குட்டி போட்டது. அதற்கடுத்த பருவத்தில் மறுபடி பால், மறுபடி செருப்பு. இந்த முறை அம்மாயியுடையது, அதனால் அன்றைக்கே அடி விழுந்தது. உண்மையில் நிறுத்துவது சத்திரசிகிச்சைதான். அதையும் பால் சுரக்கும் நாட்களில் செய்யாமல், மடி வற்றியபின் செய்யவேண்டும். ஒரு ஈத்துக்குக் காத்திருக்கச் சொன்னவர் இந்தக் காத்திருப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஈத்து போடாவிட்டால் மார்பில் கட்டி வருமாம். மனுசிக்குப் பிள்ளை பெற்றால் அந்த ஆபத்துக் குறையும் என்று எங்கேயோ கேட்டதை நாய்க்கு மாட்டிவிட்டார்கள். நாயில் 1969ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று சத்திரசிகிச்சை செய்யாத நாயின் ஆபத்தை நூறாக வைத்தால், முதல் பருவத்துக்கு முன் செய்தவற்றுக்கு 0.5தான், ஒரு பருவம் கண்டபின் செய்தவற்றுக்கு 8, இரண்டோ அதற்கு மேலோ கண்டபின் 26 என்றது. ஈத்துக்குக் காத்திருப்பவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பாருங்கள்.

கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் ஈன்ற நாய்க்குச் சற்றுக் குறைவு என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. கர்ப்பப்பையே இல்லாத நாய்க்கு எங்கே பிடிக்கும்? சுவீடனில் காப்புறுதி செய்த நாய்களை வைத்துப் பார்த்ததில், எடுக்காத பெட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் அது வந்திருக்கிறது.

ஒரு ஈத்து போட்டால் குணம் அடங்குமாம். குட்டி போட்ட நாய்க்குப் பக்கத்தில் பெரியவர் ஒருதரம் போய்ப் பார்க்கட்டும்.

குட்டி போடவிடாமல் வெட்டுவது பாவமாம். ராகலைக் குளிரில், பிறந்து இரண்டு மூன்று கிழமைவரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு டவுனில் விட்டு வருவது எந்தக் கணக்கில் வரும்?

பெரியவர் வீட்டில் வளர்வது கடுவன் நாய்.

அந்த மேட்டு லயத்துப் பிள்ளையைச் சமீபத்தில் கண்டேன். நாய் ஆறு குட்டி போட்டதாம். கடுவன் இரண்டுக்கும் கண் திறக்க முன்னமே ஆள் வந்துவிட்டது. நாலும் பெட்டை, கேட்பாரில்லை. தாய்க்கு முதுகு தெரிகிறது என்றாள். பிறகு, "மாமா, அன்னிக்கு மைக்குல பேசுனாரே ஒரு தாத்தா, அவர் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கோயிலடிப் படிக்கட்டில் இறங்கி, ஸ்டோர் ரோட்டில் இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு, நீலக் கேட் என்று சொல்லிக்கொடுத்தேன்.