4ஆம் இடமும் 130ஆம் இடமும்

பொருளாதார வளர்ச்சி வேறு, மேம்பாடு வேறு. ஓராண்டில் ஒரு நாட்டுக்குள் உருவான பண்டங்கள், சேவைகளின் மொத்த மதிப்பு எவ்வளவு கூடியது என்பது வளர்ச்சி. அந்த நாட்டு மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், எதுவரை படிக்கிறார்கள், கையில் எவ்வளவு நிற்கிறது என்பது மேம்பாடு. பள்ளிப் புவியியலின் தொடக்கப் பாடம் இது. ஜப்பானை முந்தி உலகின் 4ஆவது பெரிய பொருளாதாரமாக இந்தியா ஆகிவிட்டது என்று 2025 மே மாதம் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தபோது, அந்தப் பாடம் ஒரே நாளில் மறந்துபோனது.

அறிவிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் ஏப்ரல் மாதக் கணிப்பு. இந்தியாவுக்கு 4.187 லட்சம் கோடி டாலர்; ஜப்பானுக்கு 4.186 லட்சம் கோடி டாலர். அப்போது ஆண்டு முடிந்திருக்கவில்லை, வித்தியாசம் மயிரிழை. ஜப்பானில் அந்தத் தொகையைப் பகிர்வோர் சுமார் 12 கோடிப் பேர். இந்தியாவில் 140 கோடிக்கும் மேல். தலைக்கு வகுத்தால் ஜப்பானியரின் பங்கு இந்தியரின் பங்கைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு.

தலைவீத வருமானமும் ஒரு சராசரிதான். அது தனியாக நிற்காது என்பதால்தான் மனித மேம்பாட்டுக் குறியீடு பிறந்தது. பாகிஸ்தானின் நிதியமைச்சராக இருந்த மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றோரின் துணையோடு உருவாக்கிய இக்குறியீட்டை ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் 1990 முதல் வெளியிட்டுவருகிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் தனித்தனியே அளக்கப்பட்டு, பெருக்குச் சராசரியாகச் சேர்க்கப்படுகின்றன. ஒன்றில் சறுக்கினால் மற்றொன்றின் உயரம் அதை முழுதாக மறைத்துவிட முடியாது. ஏழை நாட்டின் சராசரி வருமானத்தில் கூடும் ஆயிரம் ரூபாய்க்கு இருக்கும் எடை, செல்வ நாட்டின் சராசரியில் கூடும் ஆயிரத்துக்கு இல்லாதபடி வருமானம் கணக்கிடப்படுகிறது. 

இக்குறியீட்டின் 2025 அறிக்கை 193 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியா 130ஆம் இடம், மதிப்பு 0.685. அதே இடத்தில், அதே மதிப்போடு வங்கதேசமும் நின்றது. இந்த ஒரு வரியை நாட்டின் ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி மாட்டலாம். வங்கதேசத்தின் மொத்த உற்பத்தியைப்போல் இந்தியாவினுடையது 8 மடங்குக்கும் மேல். இந்தியரின் சராசரி வருமானமும் சற்றுக் கூடுதலே. இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 72 ஆண்டுகள். வங்கதேசத்திலோ 74ஐத் தாண்டுகிறது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் திவாலான இலங்கை அதே அறிக்கையில் 89ஆம் இடத்தில் இருந்தது. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த பலனை ஒரு நிதி நெருக்கடி அழித்துவிடவில்லை.

வங்கதேசத்தின் கதையைத் திறக்கும் சாவி உலகமயமாக்கல். 1974இல் வந்த பலவிழை ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு துணி விற்கலாம் என்று கோட்டா போட்டது. தென்கொரியாவின் கோட்டா நிரம்பியது. கோட்டா இல்லாத இடத்தைத் தேடி தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸோடு 1978இல் கைகோத்தது. பயிற்சிக்காகத் தொழிலாளர்கள் தென்கொரியாவின் பூசானுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று வங்கதேச ஆடைத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். கிராமத்துப் பெண்ணின் கைக்குச் சொந்தச் சம்பளம் வந்ததும், பிள்ளையின் படிப்பும் குடும்பத்தின் உடல்நலமும் நிமிர்ந்தன. மேம்பாட்டை நகர்த்தியது இதுவே.

விலையும் கொடுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுவரில் விரிசல் கண்டது முந்தைய நாளே. கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல்காரர்கள் மட்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பு கூடுவதைச் சொல்லும் மதிப்புச் சங்கிலி என்ற கருத்தை, இதே ஆடைத் தொழில் நடக்கும் திருப்பூரில் கண்ணால் பார்க்கலாம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்கு. கட்டிங் முடிந்த துண்டுகளை பவர் டேபிள் எனும் தையல் வரிசையில் ஓவர்லாக் இயந்திரம் இணைக்கிறது, பிளாட்லாக் இயந்திரம் விளிம்பை மடிக்கிறது. செக்கிங் பெண்கள் பிசிறு நூலை வெட்டுகிறார்கள். பேக்கிங்கில் இருப்பவர், யூரோவிலோ டாலரிலோ விலை அச்சிட்ட அட்டையைத் தன் கையாலேயே கோக்கிறார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் அந்த விலைக்கும் அவருடைய கூலிக்கும் தொடர்பே இருக்காது. வடிவமைப்பு, பிராண்டு, கடை என்ற மேல்கண்ணிகள் கடல் கடந்து இருக்கின்றன. லாபமும் அங்கேயே தங்குகிறது. சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் 1970களில் உலகப் பொருளாதாரத்தை மையம், விளிம்பு என்று பிரித்துச் சொன்னது இதைத்தான்.

மொத்தம் பெருகட்டும், பங்கு பிறகு தானே வரும் என்போர் இன்னமும் பொருளாதார அறிஞர் வால்ட் ராஸ்டோ 1960இல் சொன்ன ஐந்து வளர்ச்சிப் படிகளைப் பிடித்துத் தொங்குகிறார்கள். மடையைத் திறக்காமல் கடைமடைக்குத் தண்ணீர் பாய்ந்ததில்லை. இதை மறுக்கும் வாதத்துக்குப் பதில் சொல்லிப் பொழுதைக் கழிக்கத் தேவையில்லை.

சங்கிலியின் கீழ்க்கண்ணியில் இருப்பதன் பொருள் 2025 ஆகஸ்ட் 27 அன்று விளங்கியது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தது. வங்கதேசத்துக்கு 20 சதவீதம். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, திருப்பூர் பாளையக்காட்டு பவர் டேபிளை நிறுத்தியது. 4ஆம் இடம் அந்தத் தையல்காரருக்கு ஒரு நாள் கூலியைக்கூடத் தரவில்லை. நிதிநிலை அறிக்கையிலிருந்தும் பாடப்புத்தகத்திலிருந்தும் மொத்த உற்பத்தித் தரவரிசை நீக்கப்பட்டு, அந்த இடத்தில் மனித மேம்பாட்டுக் குறியீடு மாவட்டவாரியாக அச்சிடப்பட வேண்டும்.

நீடித்த மேம்பாடு என்ற கருத்தைத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை வைத்தே விளக்கிவிடலாம். அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நிலத்தடி நீர் கெட்டு, அணையே வேண்டாம் என்று உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. மொத்த உற்பத்திக் கணக்கில் துணிக்குச் சாயம் போட்டதும் வரவு. சாயநீரைச் சுத்திகரிப்பதற்கு வாங்கிய இயந்திரமும் வரவு. உப்புப் பூத்துத் தரிசாகிப்போன காட்டுக்கும், உவர்த்த கிணற்றுக்கும் அந்தக் கணக்கில் கழித்தல் வரியே கிடையாது.