சுவரில் மாட்டினோம், கூட நிற்கவில்லை

ராமானுஜம் என்றதும் கணித மேதையைத்தான் நினைக்கிறோம். ஓவியர் கே. ராமானுஜம் என்று ஒருவர் சென்னையில் இருந்தார். அவரைத் தெரிந்துகொள்ள நாம் மெனக்கெடவே இல்லை.

அவருக்குப் பேச்சு சரியாக வராது. மனச்சிதைவு நோய் வேறு. ஓவியக் கல்லூரியில் அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. ராமானுஜமும் அங்கே போய்ச் சேர்ந்தார். பேனாவும் மையுமாக உட்கார்ந்து, மாளிகைகளும் பறக்கும் பாம்புகளும் நிறைந்த ஊர்களை வரைந்தார். அந்த ஊர்களில் தொப்பி போட்ட ஒருவர் மிடுக்காக உலவுவார். அது அவரேதான். நம் தெருக்களில் கிடைக்காத மரியாதையைத் தாளில் தானே உண்டாக்கிக்கொண்டார். 1973-ல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நோய்தான் அவரைக் கலைஞராக்கியது என்று பிறகு கதை கட்டினோம். சுத்த அபத்தம். நோய் அவரைத் தின்றது. வரைந்தது அவரைப் பிடித்து நிறுத்தியது. ஆனால் அந்தப் பிடி மட்டும் போதாது. மருந்து வேண்டும், கூடவே மனிதர்கள் வேண்டும். ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா 1977-லிருந்து டோக்கியோவில் தாமே விரும்பி மனநல மருத்துவமனையில் தங்கி, பக்கத்திலுள்ள தன் கலைக்கூடத்துக்குப் போய் வரைந்து வந்திருக்கிறார். நமக்கோ மனநல மருத்துவமனை இருக்கும் 'கீழ்ப்பாக்கம்' இன்னும் ஒரு வசவு.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே லட்சணம்தான். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டபோது உள்ளூர மகிழ்ந்தோம். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றைச் சொல்லித்தர 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், அப்போது மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியபோது நாம் போக்குவரத்து நெரிசலைத் திட்டினோம்.

வரைகிற பிள்ளை என்ன செய்கிறது? உள்ளே உருத்தெரியாமல் கிடக்கும் பயத்தை எடுத்து எதிரே வைக்கிறது. பேய்க்கு மூக்கு வரைந்துவிட்டால் அப்புறம் அதற்கு மீசையும் வைக்கலாம், அழித்தும் விடலாம். இதற்கு அழகாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. நாம்தான் போட்டி வைத்து மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கொடுத்து, மற்ற எல்லாரையும் "எனக்கு டிராயிங் வராது" என்று ஆயுசுக்கும் சொல்ல வைத்தோம்.

இலங்கையின் மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்த 1996-லேயே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண்ணோடும் வண்ணங்களோடும் கதைகளோடும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். போருக்கு நடுவிலும் அங்கே அது சாத்தியமானது. இங்கே டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்கும் முன், டிராயிங் வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் யாராவது ஓயாமல் கிறுக்கினால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவர் மனம் தவிக்கிறது என்று தெரிந்தால் நோட்டோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.