மரம் செதுக்கும் பொறி வாங்கலாமா?

நம் வாசக நண்பர் ஒருவர் கள்ளக்குறிச்சிக்காரர். தந்தையார் மரச்சிற்பி. நண்பர் வணிகவியல் படித்துவிட்டுப் பட்டறையின் கணக்கையும் விற்பனையையும் கவனித்துக்கொள்கிறார். சென்ற மாதம் அவர் நம்மிடம் கேட்டது இலக்கியம் சார்ந்த கேள்வியன்று. கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சிறிய பொறி ஒன்று, பட்டறைகளில் சிஎன்சி என வழங்குவது, லட்சத்தைத் தொடாத விலைக்குக் கிடைக்கிறது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்தால் வாங்கிவிடலாம். வாங்கலாமா? அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்பதையும் போகிற போக்கில் சொன்னார். கேள்வியின் கனம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது.

நம்மைப் போன்ற புத்தகப் பிரியர்களிடம் இதற்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. கைவினை அழிகிறதே என்று உருகுவது ஒன்று. காலத்தோடு ஓட வேண்டாமா என்று அறிவுரை கூறுவது மற்றொன்று. அடகுக்குப் போவது நம் வீட்டு வளையல் இல்லையாதலால் இரண்டுமே எளிது. ஆகவே முதலில் அந்தப் பொறியைக் குறித்துத் தெரிந்துகொள்ள முற்பட்டோம்.

தொடக்கநிலைப் பொறிகளில் பரவலாக விற்பது 3018 என்னும் வகை. எண்ணே அளவைச் சொல்லிவிடுகிறது: 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். மேலிருந்து கீழே இறங்கும் தூரம் ஏறத்தாழ நாலரை செ.மீ. அலுமினியச் சட்டம் ஒன்று. மூன்று திசைகளில் நகர்த்தும் மோட்டார்கள். சுழலும் சிறு மோட்டாரின் முனையில் மரத்தைக் குடையும் பிட். இவற்றை ஆட்டுவிக்கும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் 2009இல் வெளிவந்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பொறி இவ்வளவு மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஏழடி உயர வாசற்கதவு இதில் அடங்காது என்பது வெளிப்படை. மேலும், பிட் மேலிருந்து மட்டுமே இறங்குவதால் பலகையில் புடைப்புச் சிற்பம் எடுக்கலாமேயன்றி, நாற்புறமும் குடைந்த முழுவுருவம் எடுக்க இயலாது. பிள்ளையாரின் துதிக்கைக்குப் பின்னால் இருக்கும் வெளிக்குள் உளி நுழையும், இப்பொறி நுழையாது. அந்தச் சிறிய பலகை முழுவதும் நுண்ணிய புடைப்பு வேலை செய்வதாகவே கொள்வோம். வரிக்கு வரி 0.2 மி.மீ. நகர்ந்தால் 18 செ.மீ. அகலத்திற்கு 900 வரிகள். வரிக்கு 30 செ.மீ. வீதம் மொத்தம் 270 மீட்டர். நிமிடத்திற்கு ஒரு மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் நாலரை மணி நேரம். அதற்கு முன் வேண்டாத மரத்தைக் கழித்துத் தள்ளும் சுற்று தனி. தேக்கு போன்ற மரமென்றால் மெலிந்த சட்டம் தாங்காது. மேலோட்டமாகப் பலமுறை சுரண்ட வேண்டும். நடுவில் மின்சாரம் போய்விட்டால், தொடக்கப் புள்ளியைத் தானே கண்டறியும் வசதியற்ற மலிவுப் பொறி தான் எங்கே நின்றோம் என்பதை மறந்துவிடும். குறித்துவைத்த இடத்திலிருந்து மயிரிழை பிசகினாலும் பலகை அடுப்புக்குத்தான். தூசியையும் மறக்கலாகாது. மரத்தூள் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட்டக்கூடிய பொருளன்று இது.

இவையெல்லாம் பொறியின் குறைகள். பணம் இருந்தால் இதைவிடப் பெரிய பொறி தீர்த்துவைக்கும். எந்தப் பொறியும் தீர்க்காத கேள்வி ஒன்று உண்டு: செதுக்க வேண்டிய உருவத்தை யார் வரைவது?

இணையத்தில் ஆயத்த வடிவங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நம் ஊர்களில் புதிதாகக் கட்டிய வீடுகளின் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இதன் விளைவு விளங்கும். ஒரே கஜலட்சுமி, ஒரே மயில், ஒரே கொடி. எட்டடிக்கு நான்கடி பொறிகள் வைத்திருக்கும் கூடங்கள் அவற்றைக் கூலிக்குச் செதுக்கித் தருகின்றன. அதே வடிவத்தை வாங்கி, ஒரு முழத்தைக்கூடத் தாண்டாத பொறியில் அவர்களோடு போட்டியிடுவது வளையலை ஆற்றில் போடுவதற்கு ஒப்பாகும்.

இவ்வழக்குப் பழையது என்பதையும் நினைவுகூர வேண்டும். தாமஸ் பிரவுன் ஜோர்டன் என்ற ஆங்கிலேயர் 1845இல் மரச்செதுக்குப் பொறி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் நாடாளுமன்ற மாளிகையின் உள் வேலைப்பாடுகளுக்கு அது பயன்பட்டது. மாதிரி உருவம் ஒன்றைத் தடவிக்கொண்டே அதன் படிகளை மரத்தில் குடையும். இறுதி வேலையைக் கைச்சிற்பிகள் முடித்தார்கள். 1849இல் வெளிவந்த தமது கட்டடக்கலை நூலில் ஜான் ரஸ்கின், கைவேலையின் இடத்தில் பொறிவேலையை வைப்பதை ஏமாற்று என்றே கண்டித்தார். ரஸ்கினின் சினத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஜோர்டனின் பொறிக்கும் முன்னால் ஒரு மாதிரி தேவைப்பட்டது, பின்னால் ஒரு கை தேவைப்பட்டது என்பதை நாம் கவனிக்கிறோம். பொறி விற்பது சிற்பத்தையன்று, திரும்பச் செய்யும் ஆற்றலை. திரும்பச் செய்வதற்குத் தனக்கென ஒன்றை வைத்திருப்பவனுக்கே அந்த ஆற்றலால் பயன்.

நண்பரின் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. கைவினைப்பொருள் என்ற வகையில் கிடைத்த பெயர் அது. பொறியில் முடித்ததை அப்பெயரில் விற்பது வாங்குபவரை ஏய்ப்பதாகும். பொறியில் கழித்துக் கையால் முடித்ததாயின், அதைச் சொல்லி விற்பதே முறை. ஆனால் பெயருக்கு அடியில் உள்ள சொத்து தந்தையார் போடும் கொடிக்கருக்கும், அவருடைய யாளியின் முகவாயுமே. அவை எந்த இணையக் கடையிலும் இல்லை.

ஆகவே நம் கருத்து இதுதான். வளையலை வைத்து வாங்க வேண்டாம். தந்தையின் வடிவம் ஒன்றைக் கணினியில் ஏற்றக் கற்றுக்கொண்டு, கூலிக்குச் செதுக்கும் கூடத்தில் பத்துப் பலகைகள் எடுத்து, அவர் கையால் முடித்து விற்றுப் பார்க்கலாம். விற்றால், அந்த ஆதாயத்தில் சிறிய பொறியை வாங்கலாம், அதுவும் எழுதிப் பழகும் சிலேட்டாக எண்ணி. வருமானம் தரும் கருவியாக எண்ணி அன்று. விற்காவிட்டால் நட்டம் சில பலகைகளோடு போகும். சொந்த வடிவம் ஏதும் இல்லாமல், தொழிலென்று கருதிக் கடன்பட்டு வாங்க நினைப்பவர்களுக்கோ வேண்டாம் என்பதே நம் ஒரே பதில். பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர் தம் சேமிப்பில் வாங்கினால் அதில் பிழையில்லை.

இதை எழுதி அனுப்பியபோது, தந்தையின் வடிவங்கள் காகிதத்தில் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டிருந்தோம். காகிதமே கிடையாது, அவர் நேராக மரத்தில்தான் பென்சிலால் கோடு போடுவார், செதுக்கியதும் கோடு போய்விடும் என்று நண்பர் பதில் எழுதினார். அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது கோடில்லாத பெரிய நோட்டு ஒன்று. கை இன்னும் அதிகம் நடுங்குவதற்கு முன்.