முதலில் பஸ், பிறகு மனை

பூமி சூடேறி வருகிறது என்ற சமாசாரத்தை பாரிஸிலும் கிளாஸ்கோவிலும் கூடிப் பேசுகிற பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2015-இல் பாரிஸில் ஒப்பந்தம் ஆயிற்று. 2021-இல் கிளாஸ்கோவில் நம் பிரதமர், 2070-க்குள் இந்தியாவின் கரிக்கணக்கை நிகர பூஜ்யம் ஆக்குவதாக வாக்குக் கொடுத்தார். நல்லது. அந்த வாக்கு நிறைவேறுமா என்பது, கோவில்பதாகை மாதிரி ஊர்களில் மனைப்பிரிவுக்கு எந்த நிபந்தனையின்பேரில் கையெழுத்து விழுகிறது என்பதைப் பொறுத்தது என்கிறேன் நான். சிரிக்க வேண்டாம்.

கோவில்பதாகை ஆவடிக்கு வடக்கே ஏரியை ஒட்டி இருக்கிறது. ஆவடியைச் சுற்றி ராணுவத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிய நிலம் ஏராளம். வீடு கட்ட ஆசைப்பட்டவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி வழியாகத்தான் ஓடிற்று. 1955-இல் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானமே போட்டது. சமுதாயம் இருக்கட்டும், தண்டவாளத்துக்கும் வாசற்படிக்கும் நடுவே கிடக்கிற அந்தச் சில கிலோமீட்டருக்கு இன்றைக்கும் ஒழுங்கான தீர்மானம் கிடையாது.

கதை எழுதுகிறவனுக்கு மனித சுபாவத்தைப் பார்ப்பதுதான் தொழில். கிண்டியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பஸ்தரை எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு நடக்க முடியாது. பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஸ்கூட்டரை எடுக்கிறார். எடுத்த பிறகு மனசு என்ன சொல்லும்? "இதை ஸ்டேஷனில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு, ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் மாறி... எதற்கு இந்தத் தொல்லை? ஒரேயடியாக ஆபீசுக்கே போய்விடலாமே!" அவ்வளவுதான். ஸ்டேஷன்வரை பஸ் இல்லாத குறை, போக வர ஐம்பது கிலோமீட்டர் புகையாகிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 25 நாளில் 60 கிலோவைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட அவருடைய எடை! மாதாமாதம் தம் எடைக்கு எடை வாயுவை ஆகாசத்துக்குத் துலாபாரம் கொடுக்கிறார், பாவம். இதில் அவர் குற்றம் என்ன? வீட்டை அங்கே கட்டலாம் என்று அனுமதித்த அன்றைக்கே அவருடைய முப்பது வருஷப் புகையும் சேர்த்து அனுமதிக்கப்பட்டுவிட்டது.

"மின்சார வண்டி வந்துவிட்டால் தீர்ந்தது" என்பார்கள் சிலர். தெருவில் புகை குறையும், வாஸ்தவம். ஆனால் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது; புகைபோக்கி நம் தெருவிலிருந்து அத்திப்பட்டுப் பக்கம் குடிபோகிறது. தவிரவும், பஸ்ஸில் அறுபது பேர் அடைத்துக்கொள்ளும் இடத்தை நாலு கார்கள் அடைத்துக்கொள்வது மின்சாரத்தால் மாறிவிடாது. "நடுத்தர வர்க்கத்தார் பஸ் ஏறமாட்டார்கள், கௌரவம் பார்ப்பார்கள்" என்று இன்னொரு கட்சி. 2021 மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்களே, அதன் பிறகு காலை நேரத்து பஸ்ஸைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசத் துணியமாட்டார்கள். நம் வீட்டு ஆண்பிள்ளைகளின் கௌரவமும் பஸ் நேரத்துக்கு வரத் தொடங்கினால் கொஞ்சம் இளகும் என்றே தோன்றுகிறது.

சர்க்காருக்கு இது தெரியாததல்ல. போக்குவரத்து அனைத்தையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவர 2010-இலேயே சட்டம் செய்தார்கள். கும்டா என்கிற அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அதற்கு முந்தைய மாதந்தான் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து உத்தரவு போட்டிருந்தார்கள். தாலியைக் கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை! 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். எதிரே தண்டவாளம் ஓடியது, இறங்க ஒரு ஸ்டேஷன் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. வேலையைத் தேடி ஜனங்கள் ஊர் தாண்டுவதைக் காட்டிலும், ரயில் பாதையோரம் வேலையே வந்து சேருவது புத்திசாலித்தனம். கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர் மெட்ரோ ரயிலுக்கும் 2025 பிப்ரவரியில் திட்ட அறிக்கை கொடுத்தார்கள். முதல் தூண் எழும்புமுன் எழும்புவது மனை விலைதான் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2008-இல் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு வட்டாரமும் வீடு எங்கே, வேலை எங்கே, பாதை எங்கே என்று சேர்த்துத் திட்டமிட்டு, வண்டிப் புகையைக் குறைக்க வேண்டும் என்று இலக்குக் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து, இலக்கை எட்டும் வழியில் இல்லை என்று அந்த மாநிலத்துக் காற்று வள வாரியமே ஒப்புக்கொண்டது. திட்டம் போடுவது வட்டாரம். நிலத்துக்கு அனுமதி கொடுப்பது அந்தந்த ஊர். நம்மிடமும் பஸ் ஒரு மேஜை, மனை இன்னொரு மேஜை.

2026 முதல் 2046 வரைக்கென்று மூன்றாவது மாஸ்டர் பிளான் வகுக்க முற்பட்டிருக்கிறார்கள் அல்லவா? அதில் ஒரே ஒரு விதியை எழுதச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் மாடிகளைத் தாராளமாக அனுமதியுங்கள். அதைத் தாண்டிய மனைப்பிரிவுக்கு, எந்த எண் பஸ், எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதித் தராமல் கையெழுத்துப் போடாதீர்கள். மனை வாங்கப் போகும் வாசகர்களும் கிழக்குப் பார்த்த வாசலா என்று கேட்குமுன் அந்தக் காகிதத்தைக் கேட்கட்டும்.